ஏப்ரனில் இருந்த கரிக்கோடு

மார்ச்சு மாதம் ஆறாம் நாள், வியாழக்கிழமை. அன்று அந்த வீட்டில் ஓர் அநியாயம் நடந்தது. எந்த வண்டியை வாங்கலாம் என்று மாமா தம் நண்பர்கள் நால்வரிடம் கேட்டார்; எதிர்வீட்டு முடிதிருத்துபவரிடமும் கேட்டார். அந்த வண்டியில் நாள்தோறும் அண்டாவைத் தூக்கி வைக்கப்போகும் அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை.

அம்மா சூப் விற்பவர். இதுவரை வீட்டு வாசலில் மேசை போட்டு விற்றார். வரும் திங்கட்கிழமை முதல் மூன்று இடங்களில் விற்க அனுமதி கிடைத்திருந்தது. காலையில் தொழிற்சாலை வாசல், நண்பகலில் மருத்துவமனை, மாலையில் விளையாட்டுத் திடல். அடுப்பு, அண்டா, மேசை, கிண்ணப்பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும். அதற்காகவே அம்மா வண்டி ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கியிருந்தார்.

“கவலைய விடுக்கா. செகப்பு லாரி ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். சின்ன லாரிதான், ஆனா ராஜா மாதிரி நிக்குது,” என்றார் மாமா.

“சாமான் எல்லாம் கொள்ளுமாடா?”

“உன் சாமானும் கொள்ளும், உன் வீடும் கொள்ளும்.”

அம்மா கேரட் நறுக்கியபடியே, “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார். சொல்லும்போது வலத்தோளை இடக்கையால் பிடித்துவிட்டுக்கொண்டார்.

அதை மகள் பார்த்தாள். பத்து வயதுப் பெண். கண்ணில் படுவதையெல்லாம் அளப்பதால் வீட்டில் அவளுக்கு ‘முழம்’ என்று பெயர். பூனையின் வாலை அளக்கப்போய்க் கையில் கீறல் வாங்கியவள் அவள்.

மறுநாள் அம்மாவின் ஏப்ரனைத் துவைக்கும்போது அதில் ஒரு கரிக்கோட்டைக் கண்டாள். எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை.

“அம்மா, இந்தக் கரி மட்டும் ஏன் எப்பவும் ஒரே இடத்துல இருக்கு?”

“அண்டாவோட அடி அங்கதான் உரசும். அதுக்கு மேல என்னால தூக்க முடியாதுடி. தோள் கேக்க மாட்டேங்குது.”

“இத மாமாகிட்ட சொன்னீங்களா?”

“கேட்டா சொல்லலாம். அவன் எங்க கேட்டான்?”

ஏப்ரன் காய்ந்ததும் முழம் அதை அம்மாவுக்கு அணிவித்து, நேராக நிற்கச் சொன்னாள். தரையிலிருந்து கரிக்கோடு வரை ஒரு நூலைப் பிடித்து, கத்தரித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மூவரும் பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்குச் சென்றார்கள். இடம் போதுமா என்று பார்ப்பதற்காக மேசையையும் கிண்ணப்பெட்டியையும் அண்டாவையும் மாமா கொண்டுவந்திருந்தார். சிவப்பு லாரி வெயிலில் பளபளத்தது.

“பாத்தீங்களாம்மா? புலி மாதிரி வண்டி,” என்றார் விற்பவர்.

“முந்தாநேத்து ராஜா, இன்னிக்குப் புலியா?” என்று முணுமுணுத்த முழம், லாரியின் பின்பக்கம் சென்று நூலைத் தரையிலிருந்து உயர்த்திப் பிடித்தாள். நூல், சாமான் வைக்கும் தளத்துக்கு இரண்டு சாண் கீழேயே நின்றுவிட்டது.

“மாமா, இது வேண்டாம். அம்மாவுக்கு எட்டாது.”

மாமா சிரித்தார். “நூல் புடிச்சு வண்டி வாங்க வந்தவள இப்பதான் பாக்கறேன். ஒரு அண்டாவத் தூக்கி வைக்கறது என்ன பெரிய மலையா?”

“அப்ப நீங்க தூக்கிக் காட்டுங்க.”

அவள் அங்கிருந்த குழாயில் அண்டாவைக் கழுத்துவரை நிரப்பினாள். மாமா சட்டைக்கையை மடித்துவிட்டு, மூச்சைப் பிடித்துத் தூக்கி லாரியில் வைத்தார். மீசையையும் முறுக்கிக்கொண்டார்.

“ஒண்ணு,” என்றாள் முழம். “இன்னும் அஞ்சு இருக்கு.”

“எதுக்கு அஞ்சு?”

“மூணு எடம் மாமா. ஒவ்வொரு எடத்துலயும் எறக்கணும், திரும்ப ஏத்தணும். மூவிரண்டு ஆறு. எறக்குங்க.”

இரண்டாவது முறை மாமாவின் முகம் லாரியின் நிறத்துக்கு வந்தது. மூன்றாவது முறை அண்டா பாதி உயரத்தில் சாய்ந்தது. தண்ணீர் முழுவதும் மாமாவின் சட்டையில் இறங்கியது.

“சூடா இல்லாமப் போச்சே, பொழச்சீங்க,” என்றார் விற்பவர்.

மாமா சிரிக்கவில்லை. சட்டையைப் பிழிந்துகொண்டே தம் அக்காவிடம் திரும்பினார். “ஏன்க்கா, இத ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீ முடிதிருத்தறவரைக் கேட்டுட்டு இருந்த. நடுவுல பேச வேண்டாம்னு விட்டுட்டேன்,” என்றார் அம்மா.

அதற்குள் முழம் நூலுடன் வண்டி வண்டியாக ஓடிக்கொண்டிருந்தாள். நீல வண்டி உயரம். வெள்ளை வண்டி அதைவிட உயரம். மூலையில், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கிழட்டு வேன் கிடந்தது. பழைய மஞ்சளா, புதிய சேறா என்று சொல்ல முடியாத நிறம். பக்கக் கதவைத் தள்ளித் திறந்து நூலை நிறுத்தினாள். தளம் நூலுக்கு நான்கு விரல் கீழே இருந்தது.

“அது தபால் மூட்டை ஏத்தின வேன் பாப்பா. நாள் பூரா ஏறி எறங்கணும்னு தாழ்வா கட்டினாங்க,” என்ற விற்பவர், அம்மாவிடம் திரும்பினார். “இன்ஜின் நல்லா இருக்கும்மா. ஆனா பாக்க லட்சணமா இருக்காது.”

“லட்சணத்த சூப்பு பாத்துக்கும்,” என்றார் அம்மா.

அவரே குழாயடிக்குச் சென்று அண்டாவை மறுபடியும் நிரப்பினார், தூக்கினார், வேனில் வைத்தார். இறக்கினார், ஏற்றினார். ஆறு முறையும் முழம் உரக்க எண்ணினாள். ஆறாவது முறை அம்மா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்று, “இதுதான் என் வண்டி,” என்றார். அந்தக் குரலை முழம் அதுவரை கேட்டதில்லை.

மேசையும் பெட்டியும் அதில் தாராளமாக அடங்கின.

திங்கட்கிழமை அந்த வேன் தொழிற்சாலை வாசலில் நின்றது. மாமா ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து அதற்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார். அந்த ஆசையையாவது விட்டுவைக்க வேண்டும் அல்லவா? மாலையில், திடலில் கடைசிக் கிண்ணம் விற்றபோது அண்டாவின் அடி தெரிந்தது. அம்மா தோளைத் தொடவே இல்லை.

“நல்ல வண்டி. யார் பாத்து வாங்கினது?” என்று கேட்டார் சூப் குடிக்க வந்த முடிதிருத்துபவர்.

மாமா வாயைத் திறந்தார். முழத்தின் கையில் நூல் ஆடுவதைக் கண்டார். “இவதான்,” என்றார்.

இதைப் படிக்கும் நீங்கள் இன்றே ஒரு நூலை எடுத்துப் பையில் போடுங்கள். உங்கள் வீட்டில் எதை வாங்கினாலும், அதைத் தூக்கப்போகிறவரை முதலில் கேளுங்கள். “அது எதற்கு?” என்பவரிடம் ஓர் அண்டாத் தண்ணீரைக் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். ஆறு முறை, ஒன்றுகூடக் குறையக் கூடாது.