மச்சக் கன்னத்து வெளிச்சம்

மணி அடிக்கப் பொறுமையில்லாமல் துப்பறிகிறவர் வீட்டுக் கதவை இடித்துக்கொண்டு வந்தாள் ஓவியக்காரி. கையில் சட்டம் போட்ட படம். படத்திலும் அவள்தான். ஒரு கன்னத்தில் மச்சம், அந்தப் பக்கமே சன்னல் வெளிச்சம். மறு கன்னம் முழுக்க நிழல்.

"சார், என்னை நானே வரைஞ்ச படம் இது. எங்கண்ணன் தான் வரைஞ்சதா கண்காட்சியில சொல்லிட்டான். நான் சும்மா உக்காந்து குடுத்தேனாம்! சாயங்காலம் அவன் பேரைத்தான் கீழே ஒட்டப்போறாங்க."

துப்பறிகிறவரை எல்லோரும் நிதானம் என்பார்கள். அவர் மச்சானை அவசரம் என்பார்கள். பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை.

"கைரேகை எடுத்துரலாமா அத்தான்?" என்று குதித்தான் அவசரம்.

"ரெண்டு பேருமே தொட்ட படம்டா. பேசாம வா."

கண்காட்சிக் கூடத்தில் அண்ணன்காரன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அப்படி நிற்கிறவனை அவசரம் எப்போதும் நம்புவான். நம்பிக் கெட்டதும் உண்டு.

"எப்படி வரைஞ்சீங்க தம்பி?" என்றார் நிதானம்.

"எதிர்ல உக்கார வச்சு, பார்த்ததை அப்படியே இறக்கினேன்."

"வெளிச்சம்?"

"மச்சம் இருக்கிற கன்னத்துல. படத்தைப் பார்த்தாலே தெரியுதே!"

நிதானம் ஓவியக்காரியைச் சன்னலோரம் உட்காரவைத்தார். மச்சக் கன்னத்தில் வெளிச்சம் விழுந்தது. பக்கத்திலேயே படத்தை நிறுத்தினார். அவசரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அத்தான்! மச்சம் அந்தப் பக்கம் தாவிருச்சு!"

"வெளிச்சமும்தான். இந்தப் பொண்ணுக்கு மச்சம் வலது கன்னத்துல. எதிர்ல நிக்கிற நமக்கு அது இடது கைப் பக்கம். படத்துல மச்சமும் வெளிச்சமும் வலது கைப் பக்கம். அப்படிக் காட்டுறது கண்ணாடி ஒண்ணுதான். தன்னைத்தானே வரையுறவங்கதான் கண்ணாடியைப் பார்த்து வரைவாங்க."

கண்ணாடி வந்தது. கண்காட்சி நடத்துகிறவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். மச்சம், வெளிச்சம், மூக்கோர நிழல் எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தன.

"நான் மாத்திப் போட்டு வரைஞ்சேன்னு வச்சுக்கங்க..." என்று இழுத்தான் அண்ணன்.

"அப்படியே இறக்கினேன்னு இப்பதானே அளந்த!" என்றாள் தங்கை. கூடமே சிரித்தது.

அண்ணன் தலையைச் சொறிந்தான். "எப்படியும் நம்ம குடும்பத்துக்குத்தானே பேரு..."

"அந்தக் குடும்பத்துல எனக்கும் ஒரு பேரு இருக்குண்ணே."

நடத்துகிறவர் கையிலிருந்த பெயர்ச் சீட்டைப் பிடுங்கி, அண்ணன் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதி அவளே ஒட்டினாள். கோணலாகத்தான் ஒட்டினாள். நிமிர்த்தப் போன அவசரத்தின் கையில் ஒரு அடி விழுந்தது. பின்னால் தள்ளி நின்று, தன் பெயரைத் தானே சத்தமாகப் படித்துச் சிரித்தாள்.

முதலில் கை தட்டியது அண்ணன்காரன்தான். வெட்கத்தில் தட்டினானா, சந்தோஷத்தில் தட்டினானா, யார் கண்டது? சத்தம் என்னவோ பலமாகத்தான் இருந்தது.