தெற்குக் கேட் யார் செலவு?

காலை 7.40. தாசேக் கெலுகோர் லெவல் கிராசிங்கில் பிறை ஸ்டேஷனிலிருந்து வந்த ரயில் ஒரு மாட்டுவண்டியை அடித்து நொறுக்கியது. வண்டிக்காரர் பழனியப்பன் அங்கேயே செத்துப்போனார்.

11.20. ஜார்ஜ் டவுனிலிருந்து படகேறி வந்த இன்ஸ்பெக்டர் லாரன்ஸ் தண்டவாளத்தில் நின்றார். வடக்கே ரயில்வே போட்ட கேட். தெற்கே ரப்பர் தோட்டம் போட்ட கேட். வண்டி வந்தது தெற்கிலிருந்து. ஆனால் தெற்குக் கேட் தாழ் போட்டபடியே இருந்தது. அப்புறம் வண்டி எப்படி உள்ளே வந்தது?

"அவனே தொறந்து, உள்ள வந்து, திரும்பச் சாத்தியிருப்பான்," என்றார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அந்தோணிராஜ். "நேத்து லீவு சார். நல்லா ஊத்தியிருப்பான் லா. தப்பு அவன்மேலதான், நட்டஈடு கெடையாது." பிறகு தயங்கிக் கேட்டார்: "சாருக்கு என்னை ஞாபகம் இருக்கா?"

லாரன்சுக்கு ஞாபகம் இல்லை.

"அவரு குடிச்சதே இல்லீங்கய்யா!" பழனியப்பன் மனைவி ஜெயலெட்சுமி அலறினாள். "செத்தவருக்குக் குடிகாரன்னு பேரா?"

லாரன்ஸ் கேட்காவலன் பக்கிரிசாமியிடம் திரும்பினார்.

"கேட் சாத்தினியா?"

"சாத்தினேங்க."

"ரெண்டுமா?"

பக்கிரிசாமி கொடியைச் சுருட்டினான். கொடிக்கம்பிலும் கைவிளக்கிலும் சந்தனப்பொட்டு காய்ந்திருந்தது. "ரெண்டுந்தாங்க." அவன் மனைவி அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கிறவள். கிராணியோ பக்கத்தை விட்டு நகரவில்லை.

12.10. ஒன்றும் பிடிபடாமல் திரும்பிய லாரன்ஸ், கூட வந்த கான்ஸ்டபிள் ராமசாமியின் சைக்கிளைப் பார்த்தார். கைப்பிடியில் சந்தனம், குங்குமம்.

"என்னய்யா இது?"

"நேத்து ஆயுத பூசை சார். சோறு போடுற சாமானுக்கெல்லாம் வெப்போம் லா."

லாரன்ஸ் வடக்குக் கேட்டுக்கு ஓடினார். நாலு பொட்டு. தெற்குக் கேட்டுக்கு ஓடினார். மேலும் கீழும் தேடினார். ஒன்றுகூட இல்லை.

"பக்கிரி! விளக்குக்கே பொட்டு வெச்சவன், இந்தக் கேட்டுக்கு ஏன் வெக்கல?"

பக்கிரிசாமி உடைந்துவிட்டான். "நேத்து இந்தக் கேட்டே இல்லீங்க! மூணு மாசமா ஸ்டோர்ல கெடந்துச்சு. நடுற செலவு யாருதுன்னு ரயில்வேயும் தோட்டமும் கடுதாசி போட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் வடக்கே நின்னேன். வண்டியைப் பார்த்துக் கத்தினேன், கேக்கல. எட்டு மணிக்கு மேலதான் கிராணி ஆள் விட்டு நட்டாரு. வாயைத் தொறந்தா பொண்டாட்டிக்கு வேலை போயிடும்னாரு."

"நம்ம வேதக்காரங்களுக்குப் பொட்டு ஞாபகம் வராது அந்தோணிராஜ்," என்றார் லாரன்ஸ். "எனக்கே வரல. நட்டது நீங்கதான்."

கிராணியின் முகம் கறுத்தது. "தோட்டத்துத் தொரை சொன்னாரு, நட்டேன். எந்த மூஞ்சியோட மாதா கோயிலுக்குப் போவேன்? ஆனா ஒண்ணு சார். மூணு மாசத்துக்கு முன்னால கேட்டை நடச் சொல்லி மனு எழுதி உங்க மேசைக்கே கொண்டாந்தேன். 'செலவுச் சண்டை போலீஸ் வேலை இல்ல, ஆள் செத்தா வாய்யா'ன்னு சொன்னது யாரு?"

இப்போது ஞாபகம் வந்தது. காகிதத்தைப் பிரிக்காமலே திருப்பித் தள்ளியதும் ஞாபகம் வந்தது.

ஜெயலெட்சுமி அவர் காலில் விழுந்தாள். "அவரு பேரைக் காப்பாத்திட்டீங்க ஐயா. நீங்க நல்லா இருக்கணும்."

"கும்பிடாதம்மா." அவர் பின்வாங்கினார். "என்னைப் போயி கும்பிடாத."

அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். தொரை பேரையும் கிராணி பேரையும் எழுதுவதற்கு முன்னால், முதல் வரியில் தன் பேரை எழுதினார்.