வடிவேலு பூட்டிய எஞ்சின்

சிங்கப்பூரின் பஃபலோ ரோட்டில் காலைச் சந்தையின் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. ரத்தினம்மா மாடிப்படி ஏறி வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யார் கை என் புருஷனைக் கொன்னதுன்னு எனக்குத் தெரியணும், சார்," என்றாள்.

பரமசிவம் கையிலிருந்த காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். செலேத்தார் விமானத் தளத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் எஞ்சின் இன்ஸ்பெக்டராக இருந்தவர் அவர். பிறர் பூட்டிய எஞ்சினைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதுதான் அங்கே வேலை. ஓய்வு பெற்ற பிறகு, விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்துக் காரணம் சொல்லி வந்தார். அப்படி யாராவது அவரைத் தேடி வந்தால் போதும், சையது ஆல்வி ரோட்டில் வாகன உதிரிபாகக் கடை வைத்திருந்த ரவூப், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான். அன்றும் வந்திருந்தான். ஆனால் ரத்தினம்மாவைக் கண்டதும் அவன் உற்சாகம் வடிந்துபோயிற்று. அவள் கணவன் செல்லக்கண்ணு அவனுக்கு நல்ல பழக்கம்.

1962ஆம் ஆண்டு அது. ரத்தினம்மாவின் தந்தை துரைசாமிக்கு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கார் பட்டறை இருந்தது. ரப்பர் வியாபாரி ஒருவர், முப்பத்தைந்து வயதான தம்முடைய பழைய காரை ஊர்வலத்துக்காகப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார். எஞ்சினை முழுக்கப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டியவர் தலைமை ஃபிட்டர் வடிவேலு. மூன்று வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை, அவர் வேலையை முடித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை செல்லக்கண்ணு காரை உட்லண்ட்ஸ் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனான். வழியில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரங்கள் நின்றன. வண்டி சுழன்று மரத்தில் மோதியது. ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம்தான் உயிர் இருந்தது.

"எல்லாரும் வடிவேலுதான் காரணம்னு சொல்றாங்களே?" என்றான் ரவூப்.

"சொல்றாங்க, பாய். அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே அப்பா போலீஸ் சார்ஜண்டுகிட்டச் சொன்னாங்க, 'மூடியை மாத்திப் போட்டுட்டான்'னு. வடிவேலு அண்ணன் அங்க ஒண்ணும் பேசல. ஆனா கருமாதிக்கு வந்தவரு வாசலைத் தாண்டாம நின்னு, 'நம்பரைப் பாத்துத்தான் போட்டேன், தங்கச்சி'ன்னு சொல்லிட்டுப் போனாரு. திங்கக்கிழமை மரண விசாரணை. அப்புறம் அவரை எந்தப் பட்டறையிலயும் சேர்க்க மாட்டாங்க. ஜெயிலுக்குக்கூட அனுப்பிடுவாங்கன்னு பேசிக்கிறாங்க."

"எஞ்சினை எப்போ திறந்தாங்கம்மா?" பரமசிவம் கேட்டார்.

"அஞ்சு நாள் கழிச்சு. இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து திறந்தாரு. ரெண்டாவது மூடியும் மூணாவது மூடியும் மாறியிருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாரு."

பரமசிவம் அவளை ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போலிருந்தது. ஆனால் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

நொறுங்கிய கார் காலாங் பகுதியில் ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தது. எஞ்சினைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். அதன் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"உனக்கு மூடின்னா என்னன்னு தெரியும்தானே?" என்றார் பரமசிவம்.

ரவூப்புக்குத் தெரியும். பிஸ்டனைத் தாங்கும் தண்டின் அடிமுனை, சக்கரங்களுக்குச் சுழற்சி தரும் கிராங்கைச் சுற்றி வளையல்போலப் பிடிக்கும். அந்த வளையல் இரண்டு பாதி. மேல்பாதி தண்டிலேயே இருக்கும், கீழ்ப்பாதிதான் மூடி. இரண்டையும் சேர்த்து வைத்தே கடைவதால் ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சரியாகப் பொருந்தாது. மாறிவிடக் கூடாதென்று இரண்டு பாதியிலும் ஒரே எண்ணைக் குத்தியிருப்பார்கள். மாறினால் எங்கோ ஓரிடத்தில் இறுகும், சூடேறும், உராய்வைத் தாங்க உள்ளே ஊற்றிய வெள்ளை உலோகம் உருகும்.

"மாறினது உண்மைதான்," என்று எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார் பரமசிவம். எண்கள் சிறியவை, ஆனால் கூர்மையாக இருந்தன. "இப்போ பின்னுங்களைப் பார்."

ஒவ்வொரு மூடியையும் இரண்டு நட்டுகள் பிடித்திருந்தன. நட்டு கழலாமலிருக்க, பிளந்த கம்பிப் பின் ஒன்றை ஊடே செருகி இரு கால்களையும் மடக்கியிருந்தார்கள். ரவூப் குனிந்து பார்த்தான். ஒன்றாவதிலும் நான்காவதிலும் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே மடங்கியிருந்தது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இரண்டு கால்களும் பக்கவாட்டில் நட்டைச் சுற்றி வளைந்திருந்தன.

"ரெண்டு விதமா இருக்கே, சார்!"

"ரெண்டுமே சரியான முறைதான். ஆனா ஒரு ஃபிட்டருக்கு ஒரு பழக்கம்தான் இருக்கும். தளத்துல மடிப்பைப் பார்த்தே யார் பூட்டினதுன்னு சொல்லிடுவேன். சரி, இந்த எண்ணெய்த் தொட்டியோட கேஸ்கெட் உன் கடையிலதானே வாங்கினாங்க?"

தொட்டியின் விளிம்பில் எண்ணெய் கசியாமலிருக்க ஒட்டியிருந்த தக்கைப் பட்டையை ரவூப் தொட்டுப் பார்த்தான். செம்மண் நிறம். இவ்வளவு பழைய காருக்குக் கடைச்சரக்குக் கிடைக்காது. அவனே தக்கைத் தாளை வெட்டிக் கொடுத்திருந்தான்.

"நான் வெட்டினதுதான், சார். முதல்ல வடிவேலுக்குப் பழுப்புத் தக்கையில ஒண்ணு வெட்டினேன். இது ரெண்டாவது. பழுப்பு தீந்துபோச்சுன்னு சிவப்புல வெட்டினேன்."

"ரெண்டாவது எதுக்கு?"

"முதல் பட்டை போடும்போதே கிழிஞ்சிருச்சுன்னு வாங்க வந்தவரு சொன்னாரு..." ரவூப்பின் குரல் தேய்ந்தது.

பரமசிவம் எஞ்சினின் அடிவிளிம்பைக் காட்டினார். மூலையில், சுரண்டியும் போகாத பழுப்புத் தக்கைத் துணுக்குகள் பசையோடு ஒட்டியிருந்தன.

"கிழிஞ்சதை யாரும் பசை தடவிப் பூட்ட மாட்டாங்க. பழுப்புப் பட்டையைப் போட்டு வடிவேலு எஞ்சினை மூடிட்டாரு. அப்புறம் யாரோ திறந்திருக்காங்க. ரெண்டாவது பட்டைக்கு யார் வந்தது, எப்போ?"

ரவூப் தொட்டியிலிருந்து கையை எடுத்தான். கருமாதி வீட்டில் எல்லாரோடும் சேர்ந்து அவனும் வடிவேலுவைத் திட்டியிருந்தான். இந்தச் செய்தி இவ்வளவு நாளும் அவனிடமேதான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம். பட்டறை லீவு. என் வீட்டுக்கே நடந்து வந்தாரு. துரைசாமி முதலாளி."

அன்று பிற்பகலே இருவரும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் போனார்கள். துரைசாமி ஒரு லாரியின் முன்பக்கத்தில் வேலையாக இருந்தார். அறுபது வயது. பட்டறையை விட்டு எந்த எஞ்சினும் அவர் பாராமல் வெளியே போனதில்லை என்று ஊரே சொல்லும். ஸ்பேனர் பெட்டிக்குள் கைவிட்டவர், ஒவ்வொன்றின் வாயையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே வேண்டியதை எடுத்தார். பரமசிவம் குனிந்து லாரியின் ஸ்டீயரிங் மூட்டைப் பார்த்தார்.

"இது யார் பூட்டினது?"

"நான்தான். இப்பத்தான் முடிச்சேன். ஏன் லா, எதுவும் தப்பா?"

"இல்லை. நல்லாவே பூட்டியிருக்கீங்க."

ரவூப்பும் பார்த்தான். பின்னின் இரு கால்களும் பக்கவாட்டில் நட்டைச் சுற்றி வளைந்திருந்தன.

ரத்தினம்மாவை வரச்சொல்லியிருந்தார்கள். அவள் வந்ததும் பரமசிவம் வேலையாட்களை வெளியே அனுப்பிவிட்டு, காலாங்கில் கழற்றி வந்த ஒரு மூடியைக் காகிதப் பொட்டலத்திலிருந்து எடுத்துத் துரைசாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல என்ன நம்பர், முதலாளி?"

துரைசாமி அதை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். முகத்தருகே கொண்டுபோனார். கட்டைவிரல் எண்ணின் மேல் ஊர்ந்தது. தெருவில் ஒரு மூன்று சக்கர டிரைஷா மணியடித்துக்கொண்டு போயிற்று.

"மூணு," என்றார்.

"அப்பா," என்றாள் ரத்தினம்மா. "ரெண்டுன்னு போட்டிருக்கு. இங்கிருந்தே தெரியுது."

பரமசிவம் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"சனிக்கிழமை வடிவேலு எஞ்சினைச் சரியாத்தான் மூடினாரு. ஞாயித்துக்கிழமை நீங்க தனியா வந்து திறந்தீங்க. நடுவுல இருக்கிற ரெண்டு மூடியை மட்டும் கழட்டிச் சோதிச்சீங்க. திரும்பப் போடும்போது மாறிப்போச்சு. பின்னை உங்க பழக்கப்படி மடக்கினீங்க. கேஸ்கெட் கிழிஞ்சதால ரவூப் வீட்டுக்குப் போனீங்க. இதெல்லாம் காலாங்கிலதான் பார்த்தேன். ஆனா எனக்குச் சந்தேகம் வந்தது காலையில, உங்க மகள் பேசினப்பவே."

"நான் என்ன சொன்னேன்?" என்றாள் ரத்தினம்மா.

"உங்க வீட்டுக்காரர் இறந்த அன்னிக்கே உங்கப்பா மூடி மாறினதைச் சார்ஜண்டுகிட்டச் சொன்னாருன்னு சொன்னீங்கம்மா. எஞ்சினைத் திறந்தது அஞ்சு நாள் கழிச்சு. திறக்காத எஞ்சினுக்குள்ள மாறியிருக்கிறது யாருக்குத் தெரியும்? மாத்தினவருக்கு மட்டும்தான்."

துரைசாமி தகர டப்பா ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"நான் பாக்காம எந்த எஞ்சினையும் அனுப்பினதில்ல," என்றார். "கண்ணுல ஒரு வருஷமா புகை மூட்டமா இருக்கு. ஆள் வச்சுப் பாத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதான் ஞாயித்துக்கிழமை வந்தேன். மூடினப்புறம் கையால சுத்திப் பாத்தேன். ஒரு இடத்துல இறுக்கமா இருந்துச்சு. புது உலோகம், அப்படித்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மாப்பிள்ளைக்கு இப்படின்னு ஃபோன் வந்த உடனே புரிஞ்சுபோச்சு. வாய் தானா வடிவேலு பேரைச் சொல்லிருச்சு."

"அன்னிக்கு வாய் சொல்லிருச்சு," என்றாள் ரத்தினம்மா. "மறுநாள்? கருமாதி அன்னிக்கு? அவர் வாசல்ல நின்னப்போ நீங்க உள்ளதானே இருந்தீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் பரமசிவத்தின் பக்கம் திரும்பினாள். "சார், இவரை நீங்க போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. பாய், வடிவேலு அண்ணன் வீடு உங்களுக்குத் தெரியும்ல?"

கம்போங் ஜாவா ரோட்டில் ஒரு பலகை வீட்டின் முன்னால் வடிவேலு வெறும் கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரத்தினம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தந்தையின் பெயரைச் சொல்லும்போதும் அவள் குரல் தடுமாறவில்லை. ரவூப் ஓரமாக நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் அவனும் வந்திருந்தான்.

வடிவேலு தம் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நான் சரியாத்தான் போட்டிருக்கேன்," என்றார்.

"ஆமாண்ணே."

"தினமும் நெனச்சுப் பாத்தேன், தங்கச்சி. நம்பரைப் பாத்தேன், போட்டேன், மடக்கினேன். முதல் வாரம் தெளிவா ஞாபகம் இருந்துச்சு. இத்தனை பேர் சொல்லச் சொல்ல, ஒருவேளை பாக்காமத்தான் போட்டேனோன்னு ஆயிடுச்சு." அவர் நிமிர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன. "நேத்து ஸ்டேஷனுக்குப் போய், கவனக்குறைவா மாத்திப் போட்டது நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

ரத்தினம்மா முதன்முறையாக முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, உள்ளே கொடியில் தொங்கிய சட்டையைத் தானே எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

"போட்டுக்குங்கண்ணே. ஸ்டேஷனுக்கு இப்பவே போயிடலாம். அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்காம நான் அங்கிருந்து நகர மாட்டேன்."