இரண்டு இழுப்பு

கயிறு இரண்டு முறை இழுபட்டது. தங்கப்பொண்ணு எழுந்து அதைச் சுருட்டிக்கொண்டே முப்பது மீட்டரும் நடந்தாள். மறுமுனை ஒரு கள்ளிச்செடியில் கட்டியிருந்தது. அங்கே யாரும் இல்லை.

அன்னக்கொடியும் சின்னத்தாயும் இருபதடி தள்ளிப் பாறை நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருடி இழுத்தது?"

"நாங்க இழுக்கலையே," என்றாள் அன்னக்கொடி. "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு இழுப்போம்னு கட்டிப்போட்டு வந்தோம். அதுக்குள்ள நீயே வந்துட்ட."

"ரெண்டு தடவ இழுத்துச்சு."

"ஆடு இழுத்திருக்கும். நம்மளவிட அதுக்குத்தான் செடியெல்லாம் நல்லாத் தெரியும். அதையும் நம்ம கூடச் சேத்துக்குவோம்."

சின்னத்தாய் சிரித்தாள். தங்கப்பொண்ணுக்கும் சிரிக்க வேண்டும் என்று தோன்றியது. முகம் அசையவில்லை.

மூவரும் மதுரையில் தாவரவியல் மூன்றாம் வருடம். கீழக்குயில்குடி மலையின் மேற்குச் சரிவில் என்னென்ன செடி இருக்கிறது என்று எழுதி 1981 மார்ச்சுக்குள் கொடுக்க வேண்டும். கல்லூரி என்.சி.சி. அறையில் இரவல் வாங்கிய கூடாரத்தை மலையடியில் போட்டு அன்றோடு மூன்று நாள். வழியில் உள்ள செடிகளை அளந்து எழுத முப்பது மீட்டர் கயிறு. ஒருத்தி அதன் ஒரு முனையோடு முன்னால் போவாள். விறைத்ததும் நின்று இரண்டு முறை இழுப்பாள். வா என்று அர்த்தம். பின்னால் இருப்பவள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தால் ஒரு முறை இழுப்பாள். பொறு. சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாத தங்கப்பொண்ணுக்கு இந்த முறை பிடித்திருந்தது. மூன்று நாளில் கை தானாகவே இழுக்கவும் சுருட்டவும் பழகிவிட்டது. முந்தின நாள் குதிகாலில் கொப்புளம் உடைந்ததை அவள் மாலையில்தான் பார்த்தாள். வலிக்கவில்லை. எதுவுமே அவ்வளவாக உறைக்கவில்லை.

நான்கு மணிக்கு ஆடு மேய்க்கும் காளையண்ணன் எதிரே வந்தார்.

"ஏ தாயி, இன்னமுமா புல்லப் பிடுங்குறீக? உங்க மாட்டுக்கு வேணுமின்னா சொல்லியிருந்தா நானே ஆள் விட்டிருப்பனே."

"உங்க ஆடு எங்க கயித்த இழுத்துருச்சுண்ணே," என்றாள் அன்னக்கொடி.

"எங்கிட்டு?"

அவள் மேற்குச் சரிவின் மேல்பக்கத்தைக் காட்டினாள்.

"அங்கிட்டு ஆடு ஏறாதே."

"ஏன்?"

"என்னமோ. பத்திவிட்டாலும் திரும்பிரும்." அவர் மடியைத் தடவினார். "தீப்பெட்டி இருக்கா?"

இல்லை என்றார்கள். அவர் ஆடுகளோடு இறங்கிப் போய்விட்டார். கடைசி முப்பது மீட்டர் பாக்கி இருந்தது. ஏறினார்கள்.

அங்கேதான் சின்னத்தாய் ஒரு புல்லை எட்டிப் பறிக்கப் போய்க் கால் பிசகி விழுந்தாள். கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. வெயில் மஞ்சளாகி, பாறைகளின் நிழல் ஒன்றோடொன்று சேர்ந்து, கீழே கண்மாய்த் தண்ணீரில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. பாதையின் இடப்புறம் பழைய கல் உடைத்த பள்ளம். ஒரு பனை ஆழம் இருக்கும். இருப்பது ஒரே டார்ச். இருட்டுவதற்குள் சின்னத்தாயை இறக்கியாக வேண்டும்.

அன்னக்கொடி சின்னத்தாயின் இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். மறுமுனையைத் தங்கப்பொண்ணின் கையில் கொடுத்தாள்.

"நீ முன்னால போ. கால் ஊனுற இடமாப் பாத்து நின்னுட்டு இழு. நான் இவளத் தாங்கிக்கிட்டு கயிறு போற பக்கமா வாரேன். என்ன ஆனாலும் கயித்த விட்றாத. விட்டா நாங்க பள்ளத்துலதான்."

தங்கப்பொண்ணு இறங்கினாள். நின்று, இரண்டு முறை இழுத்தாள். சின்னத்தாயின் முனகல் முதலில் வந்தது. பிறகு அவர்கள் வந்தார்கள். இன்னொரு முறையும் அப்படியே. மூன்றாவது முறை ஒரு பெரிய பாறையைச் சுற்றி இறங்க வேண்டியிருந்தது. மேலே இருந்தவர்கள் மறைந்துபோனார்கள்.

இரண்டு முறை இழுத்தாள்.

ஒரு இழுப்பு வந்தது. பொறு.

பொறுத்தாள். சுவர்க்கோழிப் பூச்சிகள் கத்திக்கொண்டிருந்தன. தூரத்தில் தேனி ரோட்டில் ஒரு லாரி போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது. மேலிருந்து பேச்சுக் குரல் ஏதும் இல்லை. அன்னக்கொடியால் அவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியாது என்று நினைத்தாள். அந்த நினைப்பும் யாருடையதோ போல வந்து போனது.

மறுபடி இழுத்தாள். ஒரு இழுப்பு.

காற்று மேலிருந்து இறங்கியது. ஈரக்கல்லின் வாடை. பொங்கலுக்கு முன்பிருந்தே மழை இல்லை. வெகுநாள் மூடிக் கிடந்த ஓரிடத்தைத் திறந்தாற்போல அந்த வாடை குளிர்ந்து, கனத்து, அவள் வாய்க்குள்ளும் வந்து ஒட்டியது. உள்ளங்கை மரத்துவிட்டது. கயிறு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இருந்தது. விறைப்பாக.

இழுத்தாள். பொறு. இழுத்தாள். பொறு.

ஐந்தாவது முறை இழுத்தாள். பதில் இல்லை.

"தங்கம்!"

வலப்புறம், கீழே இருந்து. டார்ச் வெளிச்சம். அன்னக்கொடி சின்னத்தாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்கன என்னடி பண்ற? எம்புட்டு நேரமா கத்துறேன், காதே கேக்கலையா?"

"நீங்க... எப்படி?"

"பாறைக்கு அங்கிட்டு ஒத்தையடிப் பாதை போகுதுடி. சறுக்கல் இல்ல. நல்ல பாதை."

"கயிறு?"

"இடுப்பு அறுக்குதுன்னு அழுதா. அவுத்துத் தரையில போட்டுட்டு வந்துட்டோம். காலையில எடுத்துக்கலாம். வா, போவோம்."

"எப்ப அவுத்த?"

"நீ பாறையச் சுத்தித் திரும்புன உடனே."

தங்கப்பொண்ணு கயிற்றைப் பார்த்தாள். அது தரையில் கிடக்கவில்லை. அவள் கையிலிருந்து பாறை விளிம்பு வரை நேராக நின்றது.

ஐந்து முறை வா என்று சொல்லியிருந்தாள்.

கயிறு தளர்ந்தது.

"என்னடி அது?" சின்னத்தாயின் குரல் மெல்ல வந்தது. "யாரு வர்றா?"

மேலே ஒரு கல் உருண்டது. நின்றது. இன்னொரு கல்.

"கயித்த விடுடி," என்றாள் அன்னக்கொடி. "தங்கம். விடு."

விடத்தான் நினைத்தாள். விரல்கள் பிரியவில்லை. தளர்ந்த கயிற்றைக் கை தானாகச் சுருட்ட ஆரம்பித்தது. உள்ளங்கை. முழங்கை. உள்ளங்கை. ஒரு மீட்டர். இன்னொன்று. நிதானமாக. சிக்கல் விழாமல்.

அன்னக்கொடி டார்ச்சை மேலே திருப்பினாள்.

பாறை விளிம்பைச் சுற்றிக்கொண்டு கயிறு மட்டும் வந்தது. இடுப்பு உயரத்தில். முட்செடிகளில் உரசாமல். ஒவ்வொரு காலடிக்கும் லேசாக மேலும் கீழும் ஆடியபடி.