தன்விகா சுற்றிப் போன இடங்கள்

காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தின் பின்புறம் முதுகுப்பைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு நிலச்செவி கொடுத்தார்கள். மூங்கில் கழியில் தோசைக்கல்லைக் கட்டியது போலிருக்கும் அந்தக் கருவி, மண்ணுக்குள் முழங்கால் ஆழம்வரை கேட்கும். லாவோஸில் இப்போது சுற்றுலா விசா கிடையாது, நடைவிசா மட்டும்தான். ஒரு நாள் தங்க வேண்டுமானால் ஒரு துண்டு நிலத்தை நடந்து, கேட்டு, சுத்தம் என்று சொல்ல வேண்டும். நூறு வருடங்களுக்கு முன் விமானங்கள் கொட்டிய கொத்துக்குண்டுகளில் வெடிக்காதவை இன்னும் வயல்களுக்கடியில் கிடந்தன. தேடி முடிக்க அரசிடம் ஆள் இல்லை. ஊர் சுற்ற வருகிறவர்களுக்கோ கால்கள் இருந்தன. யாருக்குத் தோன்றியதோ, நல்ல யோசனை.

தன்விகாவுக்கு நாற்பத்தாறு வயது. தாராபுரம் பக்கம் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறவள். நூறு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிற ஆளுக்குத் தரையில் நடப்பதெல்லாம் ஒரு வேலையா? இருபத்திரண்டு நாளில் இருபத்திரண்டு துண்டு முடித்திருந்தாள். மற்றவர்கள் மாலைவரை இழுத்தடித்த வேலையை மதியத்துக்குள் முடித்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போவாள். கருவியின் திரை முழுக்கப் பச்சையானால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அவளுக்கு எப்போதும் சீக்கிரமே பச்சையானது.

இருபத்து மூன்றாவது துண்டு மனிவோன் என்ற பெண்ணுடையது. அதையும் உச்சிக்கு முன்பே முடித்தாள். இனி மிச்சம் வெறுங்கால் நடை. நிலச்செவியால் கேட்டவர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நடக்க, நிலத்துக்காரர் அவர் காலடியிலேயே கால் வைத்துப் பின்னால் வரவேண்டும். அதற்குப் பிறகே மண்வெட்டி நிலத்தில் இறங்கலாம்.

"பயமா இருக்குதுங்களா அம்மிணி?" என்றாள் தன்விகா.

"நீங்க முன்னால போறப்ப எனக்கென்னங்கக்கா பயம்!"

மனிவோன் பேசியது லாவோ மொழி. தன்விகாவின் காதுமொழிக் கருவி அவள் ஊர்ப் பேச்சிலேயே பழகியது என்பதால், இந்த நாட்டில் எல்லோரும் தாராபுரத்துக்காரர்களாகவே அவளுக்குக் கேட்டார்கள். அது அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

பாதி தூரம் போயிருப்பாள். எதிரே ஒரு கறையான் புற்று. அதைச் சுற்றி ஓர் அறை அகலத்துக்குப் புல் மிதிபடாமல் நிமிர்ந்து நின்றது. காலையில் அவள் நடந்த தடம் புற்றைத் தொடாமல் வளைந்து போயிருந்தது. திரையைப் பார்த்தாள். அங்கேயும் பச்சைதான். கையால் வெயிலை மறைத்துப் பார்த்தபோதுதான் அது வெளிர்பச்சை என்று தெரிந்தது. ஊகநிரப்பு! கழி போகாத இடத்தை, அக்கம்பக்கத்தை வைத்துக் கருவியே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். சாணளவு இடைவெளிக்காக வைத்த வசதி அது. பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அவள் அன்று தூங்கிவிட்டாள்.

பின்னால் வந்த மனிவோன் பக்கம் திரும்பினாள்.

"நில்லுங்க! காலெடுத்து வெக்காதீங்க! இந்தப் புத்துப் பக்கம் நான் கேக்கவே இல்லீங். வந்த காலடியிலயே பின்னால போங்க."

இருவரும் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி வரப்பை அடைந்தார்கள். கள அலுவலர் விலாய் ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சந்தேகம்னு ஐயக்குறி போட்டீங்கன்னா நீங்க நடந்த இருவத்திமூணு துண்டும் மூடிருமுங்க்கா. மறுநடைக்கு ஆள் வர்றதுக்குள்ள மழையே முடிஞ்சுபோயிரும். பேசாம அந்தப் புத்தை மட்டும் ஒருக்கா கேட்டுப்போட்டு வந்துருங்களே."

சுலபமான வழிதான். பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் தன்விகாவுக்கு ஒரு முள்புதர் நினைவுக்கு வந்தது, பிறகு ஒரு எருமைக் குட்டை, ஒரு பாறை. எத்தனை இடத்தைச் சுற்றிப் போயிருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கூசிப்போனாள். ஐயக்குறியை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு புற்றைச் சுற்றி அங்குலம் அங்குலமாகக் கேட்டாள். ஒன்றுமே இல்லை.

மனிவோனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணுமே இல்லீங்களே! இதுக்குத்தான் இருவத்திமூணு ஊட்டு வயித்துல அடிச்சீங்களா? நாத்து ரெடியா நிக்குது. நான் அதை எங்க கொண்டுபோய் நடறது?"

தன்விகா மறுபடி முதலிலிருந்து மனிவோனின் நிலம் முழுவதையும் கேட்டு, பொழுது சாய்வதற்குள் திறந்து கொடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு விலாயிடம் போனாள்.

"மறுநடைக்கு ஆள் நான்தானுங் தம்பி. எழுதிக்கோங்க."

"நாளன்னிக்கு உங்களுக்கு விமானமுங்க்கா."

"அது போகட்டும். எனக்குக் கால் இருக்குது."

மறுநாள் வந்த வழியே திரும்பினாள். இருபத்திரண்டாவது துண்டு மலையடிவாரத்தில், புவா என்பவளுடையது. இரண்டு நாளுக்கு முன் கட்டிப்பிடித்து வழியனுப்பியவள் இப்போது முகம் கொடுக்கவில்லை. முக்கால்வாசி கொத்தியிருந்த வயலைச் சுற்றிச் சிவப்புக் கொடிகள் நின்றன. தன்விகா கழியை எடுத்தாள். முன்பு அரை நாளில் முடித்த நிலத்துக்கு இந்தமுறை இரண்டு நாள் ஆனது.

இரண்டாம் நாள் மாலை, ஓரத்தில், போனமுறை சுற்றிப் போன மூங்கில் புதருக்குள் கழியை நீட்டினாள். நிலச்செவி கிறீச்சிட்டது. விலாய் வந்து கரண்டியால் மண்ணை விலக்கினான். டென்னிஸ் பந்து அளவில், துருப்பிடித்த ஓர் உருண்டை. புவாவின் மண்வெட்டி கடைசியாகக் கொத்திய இடத்துக்கும் அதற்கும் நடுவே இரண்டு சாண்.

புவா குந்தி உட்கார்ந்து அந்த இரண்டு சாணையே வெகுநேரம் பார்த்தாள். தன்விகா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அழுகை முந்திக்கொண்டது. புவா எழுந்து வீட்டுக்குள் போனாள். மூங்கில் கூடையில் சோற்றோடு வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"இன்னும் இருவத்தியொண்ணு இருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"அங்கயும் கொத்த ஆரம்பிச்சிருப்பாங்க. தின்னுபோட்டுச் சுருக்கா கெளம்புங்கக்கா."