மேல்மாடிக்கு வந்த புதுக் கார்டு

பொறாமையே படாத நல்ல பிள்ளைகள் இந்தக் கதையைப் படிக்க வேண்டாம். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. மற்றவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

வாலு என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண் இருந்தாள். வயது பதினொன்று. அவள் வீடு கீழ்த்தளத்தில், அவளுடைய சித்தி வீடு அதே கட்டடத்தின் மேல்மாடியில். சித்தி மகன் பட்டு அவளைவிட மூன்று மாதம் சின்னவன். "அக்கான்னு கூப்பிடுடா" என்று வாலு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"மூணு மாசத்துக்கெல்லாம் அக்கா கிடையாது" என்பான் பட்டு.

அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் சாயங்காலமானால் வாலுவின் வீட்டில்தான் கூடுவார்கள். அவளுடைய கணினிக்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு இருந்தது. திரையில் ஓடும் படங்களை வேகவேகமாக வரைந்து தள்ளுவது அதன் வேலை. கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் அவள் அம்மா, யாரோ வேண்டாம் என்று கொடுத்த பழைய கார்டைத் துடைத்து மாட்டித் தந்திருந்தார்.

கணினிக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதில் வாலு உட்காருவாள், மற்றவர்கள் தரையில் உட்காருவார்கள். "என் வீடு, என் நாற்காலி" என்பது சட்டம்.

ஒருநாள் பட்டு படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான்.

"வாலு! எங்க வீட்டுக்குப் புதுக் கார்டு வந்தாச்சு! இந்த வருஷப் பிறந்தநாளுக்கும் அடுத்த வருஷப் பிறந்தநாளுக்கும் சேர்த்து அப்பா வாங்கிக் கொடுத்தாரு. சூட்டைத் தணிக்க மூணு ஃபேன் இருக்கு! உன்னோடதுல ஒண்ணுதானே?"

வாலுவின் வயிறு எரிந்தது. இனிமேல் எல்லோரும் மேல்மாடிக்குப் போய்விடுவார்களே!

"ஃபேன் எண்ணிக்கையா முக்கியம்? ஓட்டிப் பார்த்தாதான் தெரியும்" என்றாள். "ஒரே கார் கேம், ஒரே பாலம், ஒரே மழை. எதுல நம்பர் அதிகமா வருதுன்னு பாப்போம்."

ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று திரையின் மூலையில் ஒரு எண் வரும். எண் கூடினால் கார் வழுக்கிக்கொண்டு ஓடும், குறைந்தால் நொண்டும். நெட்டை என்ற பையன் நடுவராக இருக்க ஒப்புக்கொண்டான்.

முதலில் வாலுவின் கணினி. மழை பெய்யும் பாலத்தில் கார் ஓடியது.

"நாப்பத்தேழு!" என்றான் நெட்டை.

அடுத்து எல்லோரும் மேல்மாடிக்கு ஓடினார்கள். சித்தப்பா கைகட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "கடைக்காரன் மாட்டித் தரேன்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன். நானே மாட்டினேன்!"

கார் கிளம்பியது, நின்றது. மறுபடி கிளம்பியது, நின்றது.

"பதினாறு" என்றான் நெட்டை.

"மூணு ஃபேனும் காத்து வாங்கத்தானா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். வாலுவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குதித்த குதியில், எண்களைக் குறிக்க அவள் கையில் வைத்திருந்த பென்சில் மேசைக்கு அடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தவள் கணினியின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

திரையிலிருந்து வந்த ஒயர் புதுக் கார்டில் மாட்டப்படவே இல்லை! அதற்கு மேலே, கார்டு வருவதற்கு முன்பு மாட்டியிருந்த கணினியின் பழைய துளையிலேயே இருந்தது. புதுக் கார்டின் துளைகளில் கறுப்பு மூடிகூடக் கழற்றப்படவில்லை. பாவம், அந்தக் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தது.

மேலே சித்தப்பாவின் குரல் கேட்டது. "என் தலையில ஓட்டைக் கார்டைக் கட்டிட்டான்! இன்னைக்கே திருப்பிக் கொடுத்துடறேன்."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். வாலு எல்லாவற்றையும் பார்த்தாள். பென்சிலை எடுத்துக்கொண்டு பேசாமல் எழுந்தாள்.

கீழே மறுபடி அவள் நாற்காலி, அவள் விளையாட்டு. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் தரையில் எப்போதும் அவள் கால்பக்கம் உட்கார்ந்து, "திரும்பு, திரும்பு!" என்று கத்தும் ஆள் இல்லை. அவள் கார் பாலத்தில் இரண்டு முறை முட்டியது.

அப்போது பட்டு வாசலில் வந்து நின்றான். மூக்கு சிவந்திருந்தது.

"அப்பா மறுபடியும் உங்க ஸ்க்ரூடிரைவர் கேட்டாரு. கார்டைக் கழட்டணுமாம்."

வாலு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். நீட்டினால் முடிந்தது. கார்டு கடைக்குப் போய்விடும், பிள்ளைகள் அவள் வீட்டிலேயே இருப்பார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

பட்டு சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான்.

"சே!" என்றாள் வாலு, தன்னைத்தானே. "வா, நானே கொண்டு வரேன்."

மேலே போனதும், "சித்தப்பா, கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை தூசி தட்டிப் பாத்துடலாமா?" என்று கேட்டாள்.

"புதுக் கார்டுல ஏதும்மா தூசி?"

"கார்டுல இல்ல சித்தப்பா. ஒயர்ல."

சித்தப்பா யோசித்தார். "ம்... இருக்கும், இருக்கும்."

வாலு மேசைக்கு அடியில் புகுந்தாள். டார்ச் பிடிக்கப் பட்டுவும் பக்கத்தில் படுத்தான். அவள் "ஃபூ! ஃபூ!" என்று பலமாக ஊதினாள். ஊதிக்கொண்டே ஒயரைப் பிடுங்கினாள், கறுப்பு மூடியைக் கழற்றினாள், ஒயரைப் புதுக் கார்டில் மாட்டினாள். பட்டுவின் கண்கள் விரிந்தன. அவன் வாயைத் திறப்பதற்குள் வாலு உதட்டில் விரல் வைத்தாள்.

மழை, பாலம், கார். இந்த முறை கார் பறந்தது. மழைத்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"நூத்தி முப்பத்தொண்ணு!" என்று பட்டு அலறினான்.

"பாத்தியா! நான் அப்பவே நினைச்சேன், தூசிதான்னு" என்றார் சித்தப்பா.

நூற்று முப்பத்தொன்று! வாலுவின் வயிறு மறுபடி எரிந்தது. நல்லது செய்தால் பொறாமை பறந்துவிடும் என்று யார் சொன்னது? ஒரு துளி குறையவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து, குப்புறப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் காலடிச் சத்தமெல்லாம் அவள் கதவைத் தாண்டி மேலே போனது. வாலு திறக்காத பாடப் புத்தகத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலடி மட்டும் கீழே இறங்கி வந்தது.

"வரலியா?" என்றான் பட்டு.

"படிக்கணும்."

"புத்தகத்தைத் திறக்காமலா?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மேலே பிள்ளைகள் தரையில் நிறைந்திருந்தார்கள். ஒரே ஒரு நாற்காலி. அதில் நெட்டை உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திருடா. அது வேற ஆளுக்கு" என்றான் பட்டு.

தன் வீட்டு நாற்காலியில் பட்டுவை வாலு ஒருநாள்கூட உட்காரவிட்டதில்லை.

"உன் வீடு, உன் நாற்காலி" என்று முணுமுணுத்தாள்.

"ஆமா, அதனாலதான் நான் சொல்றேன்" என்றான் பட்டு. "உக்காரு அக்கா."

வாலு உட்கார்ந்தாள். பாதி நாற்காலியை அவனுக்கு விட்டு.