முதல் பந்தியில் உட்காருங்கள்

மாலை ஐந்து அடித்ததும் அறவாழி அலுவலக வாசலில் வரிசையில் நின்று தலையைக் குனிந்தார். காதுக்குப் பின்னால் பதித்திருந்த மறதிமணியை வாசல் இயந்திரம் ஒரு முறை தொட்டது. அன்று கோப்புகளில் அவர் பார்த்த பெயர்கள் எல்லாம் தலையிலிருந்து வழிந்து போயின. யார் மேலோ கோபப்பட்டது ஞாபகம் இருந்தது. யார் மேல் என்பது இல்லை. இருபத்தொன்பது வருடமாக இப்படித்தான் வீட்டுக்குப் போகிறார். அவர் மனைவி அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் கூடத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே எண்பதாயிரம் பேர் வாழ்ந்தார்கள். கடை, மருத்துவம், ஜோசியம் எதுவானாலும் வலையில் ஒரு பெயர் பதிந்து நடத்த வேண்டும். அந்த வலைப்பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார், எங்கே குடியிருக்கிறார் என்பது அறவாழி வேலை பார்த்த பெயர்ப்பெட்டகத்தில் ஏழு பூட்டுக்குள் இருந்தது.

சட்டம் அநியாயமானது என்று சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் அந்தப் பட்டியல் திறந்துதான் கிடந்தது, கண்டவனும் பார்த்தான். குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து ஓடிவந்து தையல் கடை வைத்த ஒருத்தியை, அவளுடைய வலைப்பெயரை வைத்தே அவன் தேடிப் பிடித்துக் கொன்றான். அதற்குப் பிறகுதான் பெட்டகமும் பூட்டும் மறதிமணியும் வந்தன. கூடவே துலா என்ற இயந்திரமும் வந்தது. பெயரைக் கேட்கிறவரின் உரிமையையும் மறைக்கிறவரின் உரிமையையும் அது நிறுத்துப் பார்க்கும். கேட்கிறவர் பக்கம் நூற்றுக்கு அறுபது இறங்கினால் பூட்டு திறக்கும். எங்கே இறங்கியது?

பவளக்கொடி முதன்முதலில் வந்தது ஆடி மாதத்தில். குழாய் பழுது பார்க்கிறவள். நகக்கண்ணில் கறுப்பு எண்ணெயோடு, வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். 'தூயமூச்சு' என்ற வலைப்பெயரில் நடந்த கடையில் தன் கணவன் மாரியப்பனுக்கு மூச்சுவடி ஒன்று வாங்கியிருந்தாள். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் மூக்கில் பொருத்திக்கொள்ளும் சின்ன வடிகட்டி அது. வாங்கியது போலி. உள்ளே அடைத்திருந்த ஏதோ ஒரு தூள் அவன் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது.

"மூணு விதமான தூள்ல ஏதோ ஒண்ணாம் சார். எதுன்னு தெரிஞ்சாத்தான் மருந்து குடுப்பாங்களாம். மாத்திக் குடுத்தா ஆளே போயிடுவாராம்."

"அந்த வடி இருக்கா?"

"தேய்ஞ்சு போச்சுன்னு மறுசுழற்சியில போட்டுட்டோம் சார். விக்கிறவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க, கால்ல விழுந்தாவது கேட்டுக்கிறேன். தைப்பொங்கல் வரைக்கும்தான் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அறவாழி கோப்பைத் திறந்தார். பெயர் கண்ணெதிரே இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, துலாவிடம் கொடுத்தார்.

"உயிர் வாழும் உரிமை மிகக் கனமானது" என்றது துலா, யாருக்கும் நோகாத குரலில். "ஆனால் இது விண்ணப்பதாரரின் உயிர் அல்ல, அவருடைய கணவரின் உயிர். கேட்பவர் பக்கம் ஐம்பத்தொன்று. மேல்விசாரணைக்கு வழி உண்டு. அதற்கு, மறுப்புச் சொல்ல வசதியாக, விண்ணப்பதாரரின் பெயர், முகவரி, எண் அனைத்தும் எதிர்த்தரப்புக்கு அனுப்பப்படும்."

"அவன் யாருன்னு எனக்குச் சொல்ல மாட்டீங்க. நான் யாருன்னு அவனுக்குச் சொல்லுவீங்க. அப்படித்தானே?" என்றாள் பவளக்கொடி.

"அதுதாம்மா விதி" என்றார் அறவாழி. சொல்லவே வெட்கமாக இருந்தது. வேறு வழியில்லாமல் அவள் மேல்விசாரணைக்குக் கையெழுத்துப் போட்டாள்.

ஆவணி போனது, புரட்டாசி போனது. ஒவ்வொரு காலையும் அறவாழி அந்தக் கோப்பைப் புதிதாகத் திறந்தார், அந்தப் பெயரைப் புதிதாகப் பார்த்தார், வயிறெரிந்தார். ஐந்து மணிக்கு மறந்தார். துலா ஐம்பத்திரண்டுக்குப் போனது. பொதுமக்கள் கருத்துக் கேட்டபோது ஐம்பதுக்கு இறங்கியது. மாரியப்பன் எழுந்து உட்காருவதை நிறுத்திவிட்டான். அவள் மட்டும் வாராவாரம் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் அவள் எதுவும் கேட்பதில்லை, அவரும் எதுவும் சொல்வதில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தை பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போது அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கைத்திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய புதுமனை புகுவிழா அழைப்பிதழ், மார்கழி என்றுகூடப் பார்க்காமல். 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று அழைத்திருந்தவர் பெயர் கும்பகர்ணன் அளவுக்குப் பெரிய எழுத்தில் இருந்தது: குழந்தைவேலு, உரிமையாளர், தூயமூச்சு மூச்சுவடி நிலையம். படித்த பட்டம், இரண்டு தாத்தாக்களின் பெயர், மூன்று மாப்பிள்ளைகள் பார்க்கும் வேலை, குடும்பத்தோடு எடுத்த படம், தெரு, கதவு எண், வருவதற்கு வழி, எல்லாமே இருந்தன. விசாரணைக்காகப் போன அவள் முகவரியை அவன் வீட்டு இயந்திரம் 'தெரிந்தவர்கள்' பட்டியலில் சேர்த்திருக்கிறது. அழைப்பும் அனுப்பிவிட்டது.

"இவன்தானா சார்? வேற யாரோ அதே பேர்ல கடை வச்சிருந்தா? தப்பான தூளைச் சொல்லித் தொலைச்சா என் வீட்டுக்காரர் போயிடுவாரு. ஆமான்னு ஒரு வார்த்தை."

கோப்பு மேஜையில்தான் இருந்தது. குழந்தைவேலு, அதே தெரு, அதே கதவு எண். தலையசைத்தாலும் மூன்று வருடம் சிறை. துலா பார்த்துக்கொண்டிருந்தது.

அறவாழி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. சாப்பாடு எத்தனை மணிக்குன்னு போட்டிருக்கு?"

"பன்னிரண்டு மணிக்கு."

"முதல் பந்தியிலயே உட்கார்ந்துடுங்க."

அவள் அவரையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு கும்பிட்டுவிட்டு ஓடினாள்.

புதுவீடு கட்டியவன் வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சுற்றிக் காட்டாமல் விட்டதாகச் சரித்திரம் உண்டா? சாப்பிட்டு எழுந்த பவளக்கொடியை, யார் எவர் என்றுகூடக் கேட்காமல், குழந்தைவேலுவே கூட்டிக்கொண்டு போனான். பூஜை அறை, சமையலறை, மாப்பிள்ளைகள் வந்தால் தங்கும் அறை. கடைசியில், வீடு கட்டும் முன்பே அந்த மனையில் இருந்த பின்கட்டுக் கிடங்கு.

"இங்கதாம்மா சரக்கெல்லாம் தயாராகுது. வெறும் செங்கல் தூள்தான். யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"அழகா இருக்குங்க" என்றாள் பவளக்கொடி. ஒரு பிடி தூள் தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை மாரியப்பன் கண்ணைத் திறந்து ரசம் கேட்டான்.

பொங்கல் கழிந்த மறுநாள் அறவாழியின் மேஜைக்கு ஒரு புகார் வந்தது. தன் பெயரும் முகவரியும் பெட்டகத்திலிருந்து கசிந்துவிட்டதாகவும், போலீஸ் வீடு தேடி வந்துவிட்டதாகவும், தன் அந்தரங்க உரிமை பறிபோனதாகவும் குழந்தைவேலு எழுதியிருந்தான். பவளக்கொடியிடம் கேட்டு வாங்கிய அழைப்பிதழை அறவாழி துலாவுக்குக் காட்டினார்.

"அது பெட்டகத்தில் உள்ள ஆவணம் அல்ல, கணக்கில் வராது" என்றது துலா. "அவர் பக்கம் எழுபது. உங்கள் மேல் விசாரணை தொடங்குகிறது."

அறவாழிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ஐந்து மணிக்கு வரிசையில் நின்றார், தலையைக் குனிந்தார், குழந்தைவேலு என்ற பெயரை இன்னொரு முறை மறந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடை வாசலில் கூட்டம். பரிசுக் கூப்பன் பூர்த்தி செய்தால் குலுக்கலில் பிளாஸ்டிக் குடமாம். அவரும் நின்றார். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, மனைவியின் எண், ரத்த வகை, கட்டைவிரல் ரேகை எல்லாம் கொடுத்தார். கடைசியில் பொடி எழுத்தில் நாற்பது வரி இருந்தது. இந்த விவரங்களை யாருக்கு வேண்டுமானாலும் தரச் சம்மதமா என்று கேட்டு, பக்கத்தில் ஒரு கட்டம். இருபத்தொன்பது வருடம் ஊரார் பெயரைக் காத்த மனிதர் அதைப் படிக்காமலே டிக் அடித்தார். மூக்குக்கண்ணாடியை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தது ஒரு காரணம். இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டார்.

"குடம் சிவப்பா, நீலமாப்பா?" என்று மட்டும் கேட்டார்.